60 பேர் உள்ள மென்பொருள் நிறுவனத்தில் புதுமை எங்கே தடைபடுகிறது? டீம் அமைப்பு, முடிவெடுக்கும் உரிமை, பேச்சுப் பழக்கம்

#1 பொருநைக்கரை

பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை, கங்கைகொண்டான், தென்காசி வட்டாரத்தில் 40 முதல் 80 பேர் வரை வேலை பார்க்கும் மென்பொருள் நிறுவனங்கள் சில, வெளியாருக்கு ப்ராஜெக்ட் செய்து கொடுப்பதிலிருந்து சொந்த ப்ராடக்ட் விற்பதற்கு மாறிக்கொண்டிருக்கின்றன. தொழில் மாறுகிறது, உள்ளமைப்பு பழைய ப்ராஜெக்ட் காலத்து அமைப்பாகவே நிற்கிறது.

பேச வசதியாக ஒரு மாதிரி நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 60 பேர்: டெவலப்பர் 28, டெஸ்டர் 10, டிசைனர் 4, சப்போர்ட் 9, சர்வர் பார்ப்பவர்கள் 3, நிர்வாகமும் விற்பனையும் சேர்த்து 6. மூன்று ப்ராடக்ட். டெவலப்மென்டுக்கு ஒரு மேனேஜர், டெஸ்டிங்குக்கு ஒருவர், சப்போர்ட்டுக்கு ஒருவர். சுவரில் ஐடியா பெட்டி உண்டு, வருடம் ஒரு ஹேக்கத்தானும் (ஓரிரு நாளில் புதியதைச் செய்து காட்டும் போட்டி) உண்டு. ஹேக்கத்தானில் செய்தது எதுவும் கஸ்டமர் கைக்குப் போய்ச் சேருவதில்லை.

இங்கே முதலில் கை வைக்க வேண்டியது எதில்? டீம் பிரிப்பதிலா, பழக்கவழக்கத்திலா, இன்க்ரிமென்ட் முறையிலா? "எல்லாரும் முதலாளி மாதிரி யோசிக்கணும்" போன்ற வாசகங்கள் வேண்டாம். வருகிற திங்கட்கிழமை உட்கார்ந்து செய்யக்கூடியதாகச் சொல்லுங்கள்.

#2 சமாதானபுரம்

எதையும் மாற்றும் முன் அளந்து பாருங்கள். கடைசியாக வெளியான 20 மாற்றங்களை ஒரு ஷீட்டில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து தேதி போடுங்கள்: கஸ்டமர் கேட்ட நாள், கோடு (நிரல்) எழுதத் தொடங்கிய நாள், எழுதி முடித்த நாள், டெஸ்டிங் முடிந்த நாள், கஸ்டமர் கைக்குப் போன நாள். அரை நாள் வேலைதான். இத்தனை பெரிய பகுதி வெறும் காத்திருப்பா என்று ஷீட்டைப் பார்த்ததும் மேனேஜர்களே கேட்பார்கள்.

உதாரணத்துக்கு ஒரு பில்லில் தமிழ் எழுத்து சரியாக அச்சாக வேண்டும் என்று ஒரு கடைக்காரர் கேட்கிறார். சப்போர்ட், டெவலப்பர், டிசைனர், டெஸ்டர், சர்வர் பார்ப்பவர் என ஐந்து கை மாறுகிறது. ஒவ்வொரு கையிலும் ஒரு நாள் வேலை என்று வைப்போம். ஆளிடம் வேலை நிரம்ப நிரம்ப அடுத்த வேலை வரிசையில் நிற்கும் நேரம் நேர்க்கோட்டில் கூடுவதில்லை, எகிறுகிறது. வரிசைக் கோட்பாட்டின் எளிய கணக்குப்படி, 80 சதவீதம் நிரம்பியவரிடம் ஒரு நாள் வேலை சராசரியாக 4 நாள் காத்திருக்கும். 90 சதவீதத்தில் 9 நாள், 95-இல் 19 நாள். ஐந்து பேரும் 90 சதவீதம் நிரம்பியிருந்தால் 5 நாள் வேலைக்கு 45 நாள் காத்திருப்பு. "எல்லாரையும் முழுசா வேலையில வச்சிருக்கோம்" என்று பெருமைப்படும் நிறுவனத்தில் புதுமை வராததற்கு இதுதான் பெரிய காரணம். புதிய முயற்சி என்பது எப்போதும் வரிசையில் கடைசியாக வந்து நிற்கும் வேலை.

கணினி நிபுணர் மெல்வின் கான்வே 1968-லேயே எழுதிவிட்டார்: ஒரு நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசுகிறார்களோ, அதே வடிவத்தில்தான் அது கட்டும் அமைப்பும் இருக்கும். பிரிவு பிரிவாக உட்கார்ந்தால் ப்ராடக்டும் பிரிவு பிரிவாகவே வளரும்.

ஆகவே கஸ்டமரின் ஒரு தேவையை ஆரம்பம் முதல் கடைசி வரை தானே முடிக்கக்கூடிய டீம்களாகப் பிரியுங்கள். உங்கள் 60 பேரில் ஐந்து டீம் வரும். டீமுக்கு டெவலப்பர் 5, டெஸ்டர் 2, சப்போர்ட்டில் இருந்து ஒருவர். டிசைனர் நாலு பேர்தான் இருப்பதால் மூன்று டீமுக்கு ஆளுக்கொருவர், மீதி இரண்டு டீமுக்கும் பொதுவாக ஒருவர். மிச்சமுள்ள 3 டெவலப்பரையும் சர்வர் பார்க்கும் 3 பேரையும் சேர்த்து எல்லா டீமுக்கும் பொதுவான சர்வர், கருவி வேலைகளைப் பார்க்க 6 பேர் கொண்ட ப்ளாட்ஃபார்ம் டீம். மற்ற நாலு சப்போர்ட் ஆட்கள் முன்வாசலில் அழைப்புகளைப் பார்க்கட்டும். டீம் 9 பேரைத் தாண்ட வேண்டாம். 9 பேருக்குள் 36 ஜோடிப் பேச்சுவழி உண்டு, 15 பேர் ஆனால் அது 105.

#3 சிற்றாறு

அண்ணாச்சி, இது பாட்டு கேக்கிற ஆப் வச்சிருக்கிற ஸ்பாட்டிஃபை பண்ணினதுதானே? 2012-ல டீம்களுக்கு ஸ்குவாட், ட்ரைப், சாப்டர், கில்டுன்னு பேர் வச்சுப் பிரிச்சதைப் பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு. நெறைய கம்பெனி அந்தப் பேரை அப்படியே எடுத்து வச்சுப் பாத்தாங்க, ஒண்ணும் மாறலை. அதே நெலமை இதுக்கும் வராதா?

#4 சமாதானபுரம்

வரும், பெயரை மட்டும் எடுத்தால். அந்தக் கட்டுரையே "இன்றைக்கு நாங்கள் வேலை செய்யும் விதம் இது" என்று ஒரு நேரத்துப் படமாகத்தான் எழுதப்பட்டது, யாரும் நகலெடுக்கும் வரைபடமாக அல்ல. பெயர்ப்பலகை மாறி, ரிலீஸுக்கு முன் அதே மூன்று மேனேஜர் கையெழுத்து தேவைப்பட்டால் காத்திருப்பு ஒரு நாள்கூடக் குறையாது.

அமேசானைப் பாருங்கள். இரண்டு பீட்சாவில் வயிறு நிறையும் அளவு டீம் என்பதை எல்லாரும் சொல்கிறார்கள். அதோடு சேர்ந்து வந்த கட்டளையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 2002 வாக்கில் அங்கே வந்த உத்தரவு: ஒரு டீமின் தரவை இன்னொரு டீம் நேராக டேட்டாபேஸில் நுழைந்து எடுக்கக்கூடாது, ஏபிஐ வழியாக, அதாவது அந்த டீம் மற்றவர்களுக்கென்று திறந்து வைத்த வாசல் வழியாக மட்டுமே எடுக்க வேண்டும். அது இல்லாமல் டீமைச் சிறிதாக்கினால், ஒரு டீம் ஒரு டேபிளில் ஒரு நெடுவரிசையை மாற்றியதும் நாலு டீமின் ரிலீஸ் நிற்கும். ஐந்து டீமும் ஒரே டேட்டாபேஸில் கை வைத்தால் அது ஐந்து டீம் கிடையாது, 44 பேர் கொண்ட ஒரே டீம்.

60 பேர் நிறுவனத்தில் எல்லாவற்றையும் தனித்தனியே ஓடும் சிறு துண்டுகளாக (மைக்ரோசர்வீஸ்) ஆக்கச் சொல்லவில்லை, அது வேறு பள்ளம். ஒரே கோட்பேஸ் இருக்கட்டும். எந்த டேபிள் எந்த டீமுக்குச் சொந்தம் என்று ஒரு ஃபைலில் எழுதி, சொந்தமில்லாத டேபிளைத் தொடும் கோடு வந்தால் பில்ட் (கோடை ஓடும் மென்பொருளாகத் தொகுப்பது) தானாகத் தோற்கும்படி ஒரு சோதனை வையுங்கள்.

#5 பாளை டெஸ்டர்

டெஸ்டர்களைப் பிரிச்சுப் போடும்போது ஒண்ணு கெட்டுப்போகும், அதைச் சொல்லிடணும். டீமுக்கு ரெண்டு டெஸ்டர். அவங்க அப்ரைசலை அதே டீம் லீட் போடுதாரு. வெள்ளிக்கிழமை ரிலீஸ் ஆகணும்னு லீட் நிக்கும்போது "இது போகக்கூடாது"ன்னு அந்த ரெண்டு பேரும் எப்படிச் சொல்லுவாங்க? ஆறு மாசத்துல டெஸ்டிங்கிறது டிக் அடிக்கிற வேலையா மாறிப்போகும்.

மூணு ஏற்பாடு வேணும். தினசரி வேலையை டீம் லீட் சொல்லட்டும், ஆனா அப்ரைசலும் தொழில் வளர்ச்சியும் டெஸ்டிங் மூத்தவர் கையில இருக்கணும். பத்து டெஸ்டரும் வாரம் ஒரு மணி நேரம் சேந்து உக்காந்து, அந்த வாரம் தப்பிப்போன குறைகளை மட்டும் பேசணும். மூணாவதுதான் முக்கியம்: ரிலீஸை நிறுத்துற உரிமை டெஸ்டருக்கு எழுத்துல இருக்கணும். காரணத்தை ரெண்டு வரியில எழுதி நிறுத்தலாம். லீட் அதை மீறலாம், ஆனா "தெரிஞ்சே அனுப்புதேன்"னு தன் பேரைப் போட்டு மீறணும். டொயோட்டா தொழிற்சாலையில லைன்ல நிக்கிற தொழிலாளியே கயிறை இழுத்து லைனை நிறுத்தலாம், அதே உரிமைதான் இது. பேர் போட்டு மீறணும்னு வந்துட்டாலே பாதி அவசரம் கொறைஞ்சிரும்.

#6 கடனாநதி

இதுவரை பேசினது எல்லாம் சரி. ஆனா நம்ம பக்கத்து ஆபீஸ்ல டீமைப் பிரிச்சு முடிச்ச பிறகும் நிக்கப்போற விஷயம் வேற. சின்னவங்க வாய் தொறக்க மாட்டாங்க.

மீட்டிங்ல லீட் ஒரு டிசைன் சொல்லுதாரு. அதுல ஓட்டை இருக்குன்னு மூணு மாசம் முன்னால சேந்த பொண்ணுக்குத் தெரியுது. அவர் வயசுல மூத்தவர், ஒருவேளை அவளை வேலைக்குச் சிபாரிசு பண்ணினவரே அவர்தான், ரெண்டு பேர் ஊருக்கும் நடுவுல ஒரு வாய்க்கால்தான் இருக்கும். "அண்ணாச்சி, நீங்க சொல்லுதது தப்பு"ன்னு பத்து பேர் முன்னால அவ சொல்ல மாட்டா. மீட்டிங் முடிஞ்சு டீக்கடையில பக்கத்துல நிக்கிறவன்கிட்ட சொல்லுவா. அந்தத் தகவல் டீக்கடையோட நின்னுபோகும். இதை தைரியம் இல்லைன்னு எடுத்துக்கிடக்கூடாது, அது வளர்ப்பு. மரியாதையை விடுங்கன்னு சொன்னா யாரும் விட மாட்டாங்க, விடவும் வேண்டாம். மரியாதை குறையாம உண்மை வெளிய வர்ற மாதிரி கூட்டத்தோட முறையை மாத்தணும்.

பெரிய கம்பெனிக்கும் இந்த நோய் உண்டு. நோக்கியா ஸ்மார்ட்ஃபோன்ல தோத்ததைப் பத்தி 2016-ல ஒரு ஆய்வு வெளியாச்சு. மேலாளர்கள், எஞ்சினியர்கள், வெளி நிபுணர்கள்னு 76 பேர்கிட்ட பேட்டி எடுத்திருந்தாங்க. மேல இருக்கிறவங்களுக்குப் பயந்து, போனை ஓட்டுற தங்களோட சிம்பியன் மென்பொருள் எவ்வளவு பின்தங்கியிருக்குன்னு நடு மட்டத்துல யாரும் சொல்லலைங்கிறதுதான் அதுல வந்த முக்கிய விஷயம். திறமையான எஞ்சினியர்களுக்கு அங்க பஞ்சம் கிடையாது.

செய்யக்கூடிய முறை இது. முடிவெடுக்கிற கூட்டத்துக்கு ஸ்லைடு வேண்டாம். ரெண்டு பக்கக் குறிப்பு எழுதணும்: என்ன பிரச்சினை, யாருக்கு, என்ன செய்யப்போறோம், வேற என்ன வழி பாத்தோம், ஏன் விட்டோம். அமேசான்ல 2004-லேயே ஸ்லைடை நிறுத்தி ஆறு பக்கக் குறிப்புக்கு மாறினாங்க, நமக்கு ரெண்டு பக்கம் போதும். கூட்டத்துல முதல் 15 நிமிஷம் யாரும் பேசக்கூடாது, எல்லாரும் படிக்கணும். படிச்சு முடிச்சதும் ஆளுக்கு ஒரு தாள். "ஆறு மாசம் கழிச்சு இது தோத்துட்டுன்னு வச்சுக்கிடுங்க. எதனால தோத்துச்சு?" மூணு காரணம் எழுதணும். பேர் போட வேண்டாம். அதுக்கப்புறம் பேச்சு, சர்வீஸ்ல குறைஞ்சவங்கள்ல இருந்து ஆரம்பம். லீட் கடைசி, ஃபவுண்டர் அவருக்கும் கடைசி.

"எதனால தோத்துச்சு"ன்னு கேக்கும்போது அண்ணாச்சியை மறுக்கிற வேலையே அந்தப் பொண்ணுக்கு இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுதா, அவ்வளவுதான். இந்த முன்கூட்டித் தோல்வி பாக்கிற முறையை உளவியலாளர் கேரி க்ளைன் பரப்பினாரு. நம்ம ஊருக்குன்னே செஞ்ச மாதிரி பொருந்துது.

இன்னொண்ணும் இதோட சேத்துச் செய்யணும். குறிப்பு தமிழ்ல எழுதலாம், பேச்சும் தமிழ்ல இருக்கலாம்னு வெளிப்படையா அறிவிக்கணும். கோடு கமென்டும் வெளியார் படிக்கிற டாக்குமென்டும் ஆங்கிலத்துல இருக்கட்டும். யோசனையை ஆங்கிலத்துல சொல்லணும்னா, அரசு கலைக் கல்லூரியில இருந்தும் பாலிடெக்னிக்ல இருந்தும் வந்த பையன் நாலு வார்த்தையோட நிறுத்திக்கிடுவான். சரளமா ஆங்கிலம் பேசுறவங்க யோசனைதான் ஜெயிக்கும், நல்ல யோசனை ஜெயிக்கணும்னு இல்லை.

#7 தென்பொதிகை

கடனாநதி அக்கா சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு. டீம் விஷயத்தில் ஒரு மாற்றுக் கருத்து. அன்றாடம் கஸ்டமர் டிக்கெட் பார்க்கும் டீமிடமே புதுமையையும் எதிர்பார்த்தால் நடக்காது. அவசரம் எப்போதும் முக்கியத்தை விழுங்கும். நாலு பேரைத் தனியே பிரித்து, முடிந்தால் வேறு கட்டடத்தில் உட்கார வைத்து, புதியதை மட்டும் செய்யச் சொல்ல வேண்டும். அமெரிக்க விமான நிறுவனம் லாக்ஹீட் 1943-இல் கெல்லி ஜான்சன் தலைமையில் ஒரு சிறு குழுவைப் பிரித்து வைத்தது, எக்ஸ்பி-80 ஜெட் விமானம் 143 நாளில் தயாரானது. தனியே பிரித்ததால்தான் அந்த வேகம் வந்தது.

#8 சமாதானபுரம்

ஜெராக்ஸும் பிரித்துத்தான் வைத்தது. 1970-இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் ஆய்வகம் தொடங்கியது. 1973-இல் ஜன்னல்களும் மவுஸும் உள்ள ஆல்டோ கணினி, அதே ஆண்டு கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஈதர்நெட் யோசனை. பெரும்பகுதி மற்றவர்கள் கையில்தான் வியாபாரமானது. தலைமையகம் அமெரிக்காவின் மறு கரையில் இருந்தது. நகலெடுக்கும் இயந்திரம் விற்றுப் பழகிய அமைப்பில் தனிநபர் கணினியை யார் விற்பது, யார் பழுது பார்ப்பது என்பதற்கு ஆளில்லை. அதே ஆய்வகத்தில் உருவான லேசர் பிரிண்டர் மட்டும் ஜெராக்ஸுக்கே பெரும் வருமானம் தந்தது. 1977-இல் 9700 என்ற மாடலாக வெளிவந்தது. நகல் இயந்திரத்தை ஒட்டிய பொருள் என்பதால் அதை வாங்கிக்கொள்ள உள்ளேயே ஒரு பிரிவு இருந்தது.

லாக்ஹீட் குழுவுக்கு முதல் நாளே ஒரு வாடிக்கையாளர் இருந்தார், அமெரிக்க ராணுவ விமானப் படை. என்ன வேண்டும், எத்தனை நாளில் வேண்டும் என்பது எழுத்தில் இருந்தது. செய்ததை வாங்கிக்கொள்ள ஆள் இருந்ததா இல்லையா என்பதில்தான் இரண்டுக்கும் வேறுபாடு. கட்டடம் தனியா என்பது அடுத்த கேள்வி.

#9 தென்பொதிகை

வாங்கிக்கொள்ளும் ஆள் என்பதை ஏற்கிறேன். நாற்றுப் பாவும் அன்றைக்கே எந்த வயலில் நடுவோம் என்று தெரிந்திருக்க வேண்டும். அப்படியானால் தனிக்குழுவை இப்படி அமைக்கலாம்.

மூன்று பேர், 90 நாள். டெவலப்பர் இருவர், மூன்றாமவர் டிசைனர் அல்லது சப்போர்ட்டில் இருந்து வருபவர். தொடங்கும் முன் ஒரு பக்கத்தில் எழுத வேண்டியவை: எந்தக் கஸ்டமர், எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள், ஜெயித்தால் எந்த டீம் வாங்கிக்கொள்ளும், அந்த டீமின் லீட் ஒப்புக்கொண்ட தேதி, எதைப் பார்த்தால் நிறுத்துவோம். 30-ஆம் நாள் காகித வரைபடத்தோடு ஐந்து கஸ்டமரிடமாவது நேரில் காட்டியிருக்க வேண்டும். சங்கரன்கோவில், அம்பாசமுத்திரம் என்று கடைக்கே போய் உட்கார்ந்து பார்ப்பது நல்லது. 60-ஆம் நாள் இரண்டு கஸ்டமராவது காசு கொடுத்தோ, எழுத்தில் ஒப்புக்கொண்டோ பயன்படுத்த வேண்டும். 75-ஆம் நாள் வாங்கிக்கொள்ளும் டீமிலிருந்து ஒருவர் இந்தக் குழுவில் வந்து உட்கார வேண்டும். 90-ஆம் நாள் முடிவு. நீட்டிப்பு கேட்டால் ஒரே ஒரு முறை, 30 நாள்.

கெடும் இடம் எது என்றால், கெட்டிக்காரர்களை எல்லாம் இந்தக் குழுவில் போட்டு மற்ற டீம்களை "பராமரிப்பு" என்று ஒதுக்குவது. ஒரு வருடத்தில் பகை வந்துவிடும். குழு கலைந்ததும் மூவரும் பழைய டீமுக்கே திரும்ப வேண்டும், அடுத்த முறை வேறு மூவர்.

#10 சிற்றாறு

விருப்பப்பட்ட புது யோசனைக்குன்னு எல்லாருக்கும் 20 சதவீத நேரம் கொடுத்துட்டா தனிக்குழுவே வேண்டாமே? கூகுள் 2004-ல பங்குச் சந்தைக்கு வந்தப்போ நிறுவனர்கள் எழுதின கடிதத்துலயே அது இருக்கு. 3எம்-ல 15 சதவீதம்.

#11 தென்பொதிகை

3எம் கதையில் பலர் விட்டுவிடும் பகுதி காலம். போஸ்ட்-இட் ஒட்டுச் சீட்டில் இருக்கும் பலவீனமான பசையை அங்கே ஸ்பென்சர் சில்வர் கண்டது 1968. அதே நிறுவனத்தின் ஆர்ட் ஃப்ரை அதைப் புத்தக அடையாளச் சீட்டுக்குப் பொருத்திப் பார்த்தது 1974 வாக்கில். போஸ்ட்-இட் அமெரிக்கா முழுக்க விற்பனைக்கு வந்தது 1980. பன்னிரண்டு வருடம் ஒரு யோசனை சாகாமல் இருந்தது. அதற்கு நேரம் மட்டும் போதவில்லை. ஒரு பிரிவில் கண்டதை இன்னொரு பிரிவில் கூட்டம் போட்டுச் சொல்லும் பழக்கமும் அங்கே இருந்தது. சில்வர் வருடக்கணக்கில் அந்தப் பசையைப் பற்றி உள்ளுக்குள் பேசிக்கொண்டே இருந்தார். ஃப்ரை அப்படித்தான் அதைக் கேள்விப்பட்டார்.

60 பேர் நிறுவனத்தில் 20 சதவீதம் என்று அறிவித்தால் வெள்ளிக்கிழமை வேலை சனிக்கிழமைக்குத் தள்ளும், அவ்வளவுதான். அதைவிட டீமின் வேலைத்திட்டத்தையே 80 சதவீதத்துக்கு மட்டும் நிரப்பி, மீதியைக் காலியாக விடலாம். சமாதானபுரம் அண்ணாச்சி போட்ட வரிசைக் கணக்கின்படி அந்தக் காலி இடம்தான் மற்ற வேலையையும் வேகப்படுத்துகிறது. மாதக் கடைசி வெள்ளி மாலை ஒன்றரை மணி நேரம், முடிந்ததைக் காட்ட வேண்டாம், முடியாமல் நிற்பதைக் காட்டுங்கள். கேட்பவர்களில் ஒருவரிடம் அதற்கு விடை இருக்கும்.

#12 பணகுடிக் காற்று

தோல்வியைப் பற்றிப் பேச நம்ம பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, இஸ்ரோ ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி.

2010 ஏப்ரல் 15 அன்று ஜிஎஸ்எல்வி-டி3 ராக்கெட் போனது. உள்நாட்டில் செய்த கிரையோஜெனிக் எஞ்சின் (கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் ஓடுவது) பறந்த முதல் முறை. எஞ்சின் பற்றிக்கொண்ட சற்று நேரத்தில் ஹைட்ரஜனைத் தள்ளும் பூஸ்டர் பம்ப் நின்றுவிட்டது, ராக்கெட் கடலில் விழுந்தது. ஆய்வுக் குழு காரணங்களைத் தேடியது. பறக்கும்போது இருக்கும் வெற்றிட நிலையைத் தரையிலேயே உருவாக்கி எஞ்சினைப் பற்றவைத்துப் பார்க்கும் சோதனை மகேந்திரகிரியில் நடந்தது. ஒரு தோல்வி ஒரு சோதனையாக மாறியது.

உள்நாட்டு எஞ்சினோடு அடுத்த முயற்சி 2013 ஆகஸ்ட் 19, ஜிஎஸ்எல்வி-டி5. ஏவ 1 மணி 14 நிமிடம் இருக்கும்போது இரண்டாம் நிலையில் எரிபொருள் கசிவு தெரிந்தது. நிறுத்தினார்கள். தொட்டிக்கான அலுமினியக் கலவையையே மாற்றிப் புதிய இரண்டாம் நிலை செய்து, 2014 ஜனவரி 5-இல் ஏவி வெற்றி கண்டார்கள். நாடே பார்த்துக்கொண்டிருக்கும்போது நிறுத்த முடிகிற அமைப்புதான் இதில் கற்க வேண்டியது.

மென்பொருளில் இதன் வடிவம், பழி போடாத விபத்து ஆய்வு. சர்வர் விழுந்த ஐந்து வேலை நாளுக்குள் எழுத வேண்டும். நிமிட வரிசை. அந்தந்த நிமிடத்தில் யாருக்கு என்ன தெரிந்திருந்தது. செய்த செயல் அப்போது ஏன் சரியாகத் தோன்றியது. இந்த மூன்றாவதை விட்டால் ஆய்வு விசாரணையாகிவிடும். கடைசியில் செய்ய வேண்டியவை மூன்றுக்கு மேல் வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் ஆளும் தேதியும். 15 எழுதினால் ஒன்றும் நடக்காது. "இனிமேல் கவனமாக இருப்போம்" என்பதைச் செயலாக ஏற்கக்கூடாது. அதே கட்டளையை அடுத்த ஆள் தட்டினாலும் சர்வர் விழாதபடி எதை மாற்றினோம் என்று எழுத வேண்டும்.

முதல் ஆறு மாதத்தில் பதிவாகும் குறைகளின் எண்ணிக்கை கூடும். பயந்துவிடாதீர்கள். ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நல்ல குழுக்களில்தான் பிழைகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே பிழையை மறைக்கவில்லை.

#13 பொருநைக்கரை

ராக்கெட்டில் நிறுத்திப் பார்ப்பது சரி, பில்லிங் சாஃப்ட்வேரில் எல்லாவற்றுக்கும் நிறுத்தினால் ஒன்றும் வெளியே போகாதே. எதை யார் முடிவு செய்வது? எல்லாம் ஃபவுண்டர் மேசைக்குத்தான் போகிறது.

#14 கடனாநதி

திரும்பி வர முடியிற முடிவு, முடியாத முடிவுன்னு ரெண்டாப் பிரிங்க. அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் பங்குதாரர்களுக்கு எழுதின கடிதத்துல இதை ரெண்டு வகைக் கதவுன்னு சொல்லியிருப்பாரு.

ஒரு நாளைக்குள்ள பழைய நிலைக்குக் கொண்டுபோக முடிஞ்சா டீமே முடிவெடுக்கணும், யாரையும் கேக்க வேண்டாம். திரை அமைப்பு, புது பட்டன், தேடல் வரிசை இதெல்லாம் இந்த வகை. ஃபீச்சர் ஃப்ளாக் (புது வசதியை வேணும்போது திறக்க, மூட வைக்கிற சுவிட்ச்) போட்டு முதல்ல 5 சதவீதக் கஸ்டமருக்கு மூணு நாள், அப்புறம் 25, அப்புறம் எல்லாருக்கும். மாசம் 15,000 ரூபாய் வரை சர்வர் செலவும் டீம் கையில இருக்கட்டும். தொகையை அவங்கவங்க வருமானத்துக்குத் தக்க வச்சுக்கிடலாம். ஆனா ஒரு எண் எழுத்துல இருக்கணும்.

விலை, ஒப்பந்தம், கஸ்டமர் டேட்டாவோட வடிவம், டேட்டாவை அழிக்கிறது, வெளியார் நம்பியிருக்கிற ஏபிஐயை மாத்துறது எல்லாம் திரும்ப முடியாத வகை. இதுக்குத்தான் ரெண்டு பக்கக் குறிப்பும் கூட்டமும். முடிவெடுக்கிறவர் ஒருத்தர் பேர் மேலேயே எழுதியிருக்கணும். ஃபவுண்டருக்கு அஞ்சு வேலை நாள். அதுக்குள்ள மறுப்பு வரலைன்னா சம்மதம்னு அர்த்தம். இந்தக் கடைசி விதியை ஃபவுண்டர் தானே கையெழுத்துப் போட்டு வெளியிடணும், இல்லைன்னா யாரும் நம்பி நடக்க மாட்டாங்க. முதல் தடவை அவர் வாக்கு மாறினா அந்த விதி அன்னையோட முடிஞ்சது.

#15 பாளை டெஸ்டர்

ஃப்ளாக் போடுறவங்களுக்கு ஒண்ணு. 10 ஃப்ளாக் திறந்து கிடந்தா 1,024 சேர்க்கை, எந்த டெஸ்டராலும் பாக்க முடியாது. ஒவ்வொரு ஃப்ளாக்குக்கும் முடிவுத் தேதி போடுங்க. 60 நாள் தாண்டினா பில்ட் எச்சரிக்கணும், 75 நாள் தாண்டினா பில்ட் நிக்கணும்.

இன்க்ரிமென்ட் பத்தி முதல் பதிவுல கேட்டிருந்தாங்க. ஆட்களை வரிசைப்படுத்தி சிலரைக் கடைசியில போட்டே ஆகணும்ங்கிற முறை இருந்தா மேல சொன்ன எதுவும் ஓடாது. மைக்ரோசாஃப்ட் அந்த முறையை 2013 நவம்பர்ல கைவிட்டுச்சு. அந்த முறையில கெட்டிக்காரங்க ரெண்டு பேர் ஒரே டீம்ல இருக்க விரும்ப மாட்டாங்க, பக்கத்து ஆளுக்குச் சொல்லிக்கொடுத்தா தன் வரிசை இறங்கும். வேலை எப்படின்னு பேசுற கூட்டத்துக்கும் சம்பள உயர்வு அறிவிக்கிற நாளுக்கும் நடுவுல மூணு மாசமாவது விடுங்க. காசு பேச்சு நடக்கிற அன்னைக்கு குறையை யாரும் ஒத்துக்கிட மாட்டாங்க. தனிக்குழுவுல போய் 60-ஆம் நாளே "இது வேண்டாம்"னு நேர்மையா நிறுத்தினவருக்கும் ஜெயிச்சவருக்கும் அப்ரைசல்ல ஒரே எடை இருக்கணும்.

ஐடியா பெட்டியைக் கழட்டிடலாம். அதுக்குப் பதிலா ஒவ்வொரு டெவலப்பரும் ரெண்டு வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் சப்போர்ட் அழைப்பு பக்கத்துல உக்காந்து கேக்கட்டும். கஸ்டமர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதணும், அதே குறை எத்தனை பேர் சொன்னாங்கங்கிற எண்ணிக்கையோட. ஹேக்கத்தான் வைக்கணும்னா, ஜெயிச்சதை வாங்கிக்கிடுற டீம்ல ரெண்டு பேரோட 10 வேலை நாளை முன்கூட்டியே காலண்டர்ல ஒதுக்கிட்டு வைங்க. ஒதுக்க முடியலைன்னா அந்த வருஷம் ஹேக்கத்தான் வேண்டாம்.

#16 சிற்றாறு

ஆட்கள் விஷயத்துல நம்ம பக்கத்துக்கு ஒரு பலம் இருக்கு. தென்காசி மத்தளம்பாறையில ஜோஹோ 2011-ல ஆபீஸ் போட்டப்போ, சென்னையில மிஞ்சின துண்டு வேலையை மட்டும் அங்க அனுப்பிட்டு இருந்திருக்கலாம். ஆனா ஜோஹோ டெஸ்க் மாதிரி ஒரு ப்ராடக்டே அங்க இருந்து வளர்ந்துச்சு. ஊர்ல உக்காந்திருக்கிற டீம் கையில முழுப் பொருளும் இருந்தா மட்டும்தான் அங்க இருந்து புதுசு வரும். சென்னையில முடிவு, நெல்லையில டிக்கெட்டுன்னு பிரிச்ச இடத்துல இது நடக்காது.

சொந்த ஊர்ல இருக்கிறவங்க சீக்கிரம் விட்டுப் போகவும் மாட்டாங்க. ஏழெட்டு வருஷம் ஒரே ப்ராடக்ட்ல இருக்கிறவர் தலையில இருக்கிற அறிவு பெரிய சொத்து, அதே நேரம் ஆபத்தும்கூட. அவர்கிட்ட மட்டும்தான் அது இருக்கும். எந்தப் பகுதியை எத்தனை பேர் தனியா மாத்தி அனுப்ப முடியும்னு ஒரு பட்டியல் போடுங்க. ஒண்ணுன்னு வர்ற இடத்துல அடுத்த மூணு மாச வேலையை அவர் செய்யக்கூடாது. இன்னொருத்தர் செய்ய, அவர் ரிவியூ மட்டும் பாக்கணும்.

#17 பொருநைக்கரை

டீமே டிப்ளாய் பண்ணும் (புதிய கோடை சர்வரில் ஏற்றும்) என்று முடிவானால், சர்வர் விழும்போது இரவு போன் யாருக்கு வரும்? இது தீராமல் டெவலப்பர்கள் ஒப்ப மாட்டார்கள்.

#18 பணகுடிக் காற்று

எழுதினவர்களுக்கே வர வேண்டும். இல்லாவிட்டால் சர்வர் பார்ப்பவர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள ரிலீஸுக்குக் கேட் போடுவார்கள், திரும்பவும் வரிசை. ஆனால் கணக்கோடு செய்யுங்கள். 99.9 சதவீத நேரம் சர்வர் ஓடும் என்று கஸ்டமருக்கு வாக்குக் கொடுத்தால் 30 நாளில் 43 நிமிடம் வரை சர்வர் விழலாம். அந்த 43 நிமிடமும் செலவாகிவிட்டால் மாதக் கடைசி வரை டீம் புதிய வேலையை நிறுத்திவிட்டு உறுதிப்படுத்தும் வேலை மட்டும் பார்க்க வேண்டும். மிச்சம் இருந்தால் தைரியமாகப் புதியதை அனுப்பலாம். இதை விற்பனைப் பிரிவும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

முறை ஒரு வாரம் ஒருவருக்கு, துணைக்கு இன்னொருவர். அந்த வாரம் அவருக்குப் புதிய வேலை கிடையாது. தனிப்படி உண்டு, இரவில் எழுந்தால் மறுநாள் காலை விடுப்பு. ஒரு வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் எழுப்பினால், எழுப்பிய காரணம்தான் அடுத்த வாரத்தின் முதல் வேலை. முதல் மூன்று மாதம் ப்ளாட்ஃபார்ம் டீமிலிருந்து ஒருவர் கூடவே இருக்கட்டும்.

முறைப் பட்டியலை வருடத் தொடக்கத்திலேயே போடுங்கள். பங்குனி உத்திரத்துக்கு ஆபீஸில் பாதிப் பேர் அவரவர் சாஸ்தா கோயிலுக்குப் போய்விடுவார்கள். சில கோயில்களில் சிக்னல்கூடக் கிடைக்காது. அதற்கு முந்தின மூன்று வேலை நாளும் ரிலீஸ் வேண்டாம். அன்றைக்கு முறை நிற்பவரை ஜனவரியிலேயே கேட்டு, அவர் ஒப்புக்கொண்ட பிறகு எழுதுங்கள்.